முக்கொம்புக் கரை

காவிரியின் வரலாறு என்றவுடன் கரை எடுத்த மன்னன் யார், அணை கட்டிய பொறியாளர் யார் என்று பெயர்களைத் தேடுகிறோம். அப்பெயர்களை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுகிறோம். எடுத்த கரை எவ்வாறு நிலைத்தது, கட்டிய அணை ஏன் பழுதுற்றது, பழுதுற்றபோது முன்னோர் யாது செய்தனர் என்று கேட்பவர் சிலரே. ஆக்கியவர் வரலாறு ஒரு பாதியே. காத்தவர் வரலாறு மற்றொரு பாதி. அம்மறுபாதியைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம், மாணவர்களாகிய உங்களுள் பலர் சுற்றுலாவாகச் சென்று கண்டிருக்கக்கூடிய முக்கொம்பு ஆகும்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது முக்கொம்பு. அதுவரை ஒரே ஆறாக வரும் காவிரி அங்கே இரு கிளைகளாகப் பிரிகிறது. தென்கிளைக்குக் காவிரி என்ற பெயரே நிலைத்தது. வடகிளை கொள்ளிடம் எனப்படும். இரண்டுக்கும் இடையே கிடப்பது திருவரங்கத் தீவு. பிரியும் இடத்தில் மேலணை என்னும் கதவணைகளும், அவற்றை ஒட்டி ஒரு பொதுப் பூங்காவும் உள்ளன. நிழல் மரங்களும் குழந்தைகள் ஆடும் இடங்களும் நிறைந்த அப்பூங்காவிற்கு விடுமுறை நாட்களில் மக்கள் திரளாக வருகின்றனர். கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, கரையோரக் கற்களின் மேல் அமர்ந்து நீரைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். அக்கற்கள் அங்கே வந்த காரணத்தை எண்ணிப் பார்ப்போமாயின், ஓர் ஆற்றோடு மனிதன் நடத்திய நீண்ட வழக்கின் வரலாறு நமக்குப் புலப்படும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆற்றங்கரை ஏன் சரிகிறது? நீர் மோதுவதால் என்று உடனே விடை கூறிவிடுவோம். அவ்விடை பிழையன்று, ஆனால் நிறைவானதும் அன்று. கரையின் மேற்பகுதியில் நீர் மோதுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அடிவாரத்தில் நீர் மணலைத் துகள் துகளாக அள்ளிக்கொண்டு செல்கிறது. கரை என்பது ஒரு சரிவு. அச்சரிவு தன் அடிவாரத்தை ஊன்றி நிற்பது. அடிவாரத்து மணல் போகப் போகச் சரிவு செங்குத்தாகிறது. செங்குத்தான மண்சுவர் தன் பாரத்தைத் தானே தாங்க இயலாமல் ஒரு நாள் பிளந்து வீழ்கிறது. வீழும் நாளைத்தான் நாம் காண்கிறோம். வீழ்ச்சிக்குரிய வேலையோ பல மாதங்களாக நீருக்கடியில் நடந்து வந்திருக்கும்.

ஆறு வளையும் இடத்தில் இவ்வேலை விரைந்து நடைபெறும். வளைவில் மேல்நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அங்கே கீழிறங்கி, படுகையைத் தடவிக்கொண்டு உட்கரையை நோக்கிச் செல்கிறது. செல்லும்போது வெளிக்கரையின் அடிமணலை வாரிச் சென்று உட்கரையில் குவிக்கிறது. ஒரு கரை தேய, எதிர்க்கரை வளர்வது இதனாலேயே. இன்னொரு செய்தியும் உண்டு. வெள்ளம் உச்சத்தில் ஓடியபோது அசையாது நின்ற கரை, வெள்ளம் வடிந்த மறுநாள் வீழ்வதைச் சிற்றூர் மக்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். வெள்ளக் காலத்தில் கரைமண் நீரை உறிஞ்சிக் கனத்துவிடுகிறது. ஆற்றுநீர் விரைந்து இறங்கியபின், மண்ணுக்குள் தேங்கிய நீர் கரையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. வெளியிலிருந்து எதிர்த்து நிற்கும் நீரும் இல்லாமற்போகவே, கரை சாய்ந்துவிடுகிறது.

நான் வரலாற்று ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய காலத்தில் மாணவர்களை முக்கொம்பிற்குப் பலமுறை அழைத்துச் சென்றதுண்டு. ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, கரை இடியக்கூடாது என்றுதானே கல் போட்டிருக்கிறார்கள்? பின் ஏன் கல் போட்ட இடத்திலேயே ஆழம் அதிகமாக இருக்கிறது?" என்று கேட்டான். அவ்வினாவை நான் இன்றளவும் பெரிதும் மதிக்கிறேன். கல் பதித்த கரையை அரிக்க இயலாத நீர், தன் ஆற்றலைக் கல்லின் கீழ்விளிம்பில் உள்ள மணலின்மேல் செலுத்துகிறது. ஆகவே கரையைக் காத்ததனாலேயே அதன் அடிவாரத்திற்குத் துன்பம் மிகுகிறது. கரையை மட்டும் காத்து அடியைக் காவாது விட்டால் காத்ததும் வீண். காவிரியில் அணையும் கரையும் அமைத்த ஒவ்வொரு தலைமுறையும் கற்க வேண்டியிருந்த பாடம் இதுவே.

இனி வரலாற்றிற்கு வருவோம். கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பது நம் நாட்டில் வழிவழியாக வரும் செய்தி. ஆனால் கரிகாலனைக் குறிக்கும் பழைய ஆவணங்கள் என்ன கூறுகின்றன என்பதை வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்கவேண்டும். முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, காவிரிக்குக் கரை எடுத்த செயலைக் கரிகாலனின் பெருமையாகப் போற்றுகிறது. அக்கால மக்களின் நெஞ்சில் நின்ற அருஞ்செயல் கரை எடுத்தல் என்பது இதனால் விளங்கும். கரை இல்லையேல் வயல் இல்லை. வயல் இல்லையேல் ஊர் இல்லை.

முக்கொம்பில் பிரிந்த இரு கிளைகளும் திருவரங்கத் தீவைச் சுற்றிவந்து கல்லணைக்கருகில் மீண்டும் நெருங்குகின்றன. அங்கே காவிரி மேடாகவும் கொள்ளிடம் பள்ளமாகவும் உள்ளன. தடுப்பு ஒன்றும் இல்லையாயின், காவிரி நீர் இடைப்பட்ட நிலத்தை அறுத்துக்கொண்டு கொள்ளிடத்தில் வீழ்ந்து, வயல்களுக்குப் பயன்படாமல் கடலைச் சேர்ந்துவிடும். அதனைத் தடுத்து நிற்பதே கல்லணை. அதனைக் கட்டிய பண்டையோர்க்குப் பாறை அடித்தளம் கிடைக்கவில்லை. ஆழம் காண இயலாத மணலே கிடைத்தது. அவர்கள் பெருங்கற்களை மணலின்மேல் இட்டனர். அடிமணல் அரிக்கப்பட அரிக்கப்பட, கற்கள் தாமே கீழே அமிழ்ந்தன. அமிழ்ந்தவற்றின்மேல் மேலும் கற்களை இட்டனர். இனி அமிழாது என்ற நிலை வந்தபின், களிமண்ணோடு கரடுமுரடான கற்களைச் சேர்த்து அணையை எழுப்பினர். ஆறு அரிக்கட்டும், அரிக்கும் தோறும் கல் இறங்கி அவ்விடத்தை மூடட்டும் என்பதே அவர்கள் கண்ட முறை. மணலில் அடித்தளம் அமைக்கும் வகையை இந்நாட்டுப் பண்டையோரிடமே கற்றதாக ஆர்தர் காட்டன் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நிலம் பெருந்துன்பத்திற்கு உள்ளாகியிருந்தது. காவிரியின் படுகை மணலால் மேடிட, நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் சென்றது. 1804-ஆம் ஆண்டில் கால்டுவெல் என்னும் படைத்துறைப் பொறியாளர் இந்நிலையை ஆராயுமாறு அமர்த்தப்பட்டார். இவர் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அல்லர், வேறொருவர். கல்லணையின்மேல் 27 அங்குல உயரத்திற்குக் கற்கள் நாட்டி நீரைத் தேக்கலாம் என்று அவர் திட்டம் கூறினார். நீர் தேங்கியது உண்மை. ஆனால் தேங்கிய நீரோடு வந்த மணலுக்குப் போக்கிடம் இல்லை. எனவே அணைக்கு மேற்புறத்தில் மணல் மேலும் குவிந்தது. ஒரு நோய்க்குத் தந்த மருந்து மற்றொரு நோயை வளர்த்தது.

இந்நிலையில் பொறுப்பேற்றவர் அப்போது காப்டனாக இருந்த ஆர்தர் காட்டன். கல்லணையில் மணலை வெளியேற்றும் மதகுகள் வேண்டும் என்றும், நோயின் தலைவாயிலாகிய முக்கொம்பிலேயே கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணை வேண்டும் என்றும் அவர் முடிவு செய்தார். அவ்வாறே 1836-ஆம் ஆண்டில் மேலணைப் பணி தொடங்கிற்று. ஏறத்தாழ 750 கெஜ நீளம்; இடையிலுள்ள திட்டுகளால் பிரிந்த பகுதிகள்; கல் மூடிய செங்கற்சுவர், உயரம் சுமார் 7 அடி. இத்தனை பெரிய ஆற்றுக்கு இத்துணைச் சிறிய சுவரா என்று நீங்கள் வியக்கலாம். சுவரைத் தாண்டி வீழும் நீர் கீழ்ப்புறத்து மணலைக் குடையாதிருக்கும்படி அகன்ற கல்தளமும், அத்தளத்தின் விளிம்பைக் காக்கப் பெருங்கற்குவியலும் அமைக்கப்பட்டன. அணையின் உயிர் சுவரில் மட்டும் இல்லை. பார்வையாளர் கண்ணில் படாத அத்தளத்தில் இருந்தது.

மேலணை தன் கடமையைச் செய்தது. அளவுக்கு மேலும் செய்துவிட்டது. கொள்ளிடத்தின் வழி மறிக்கப்பட்டதும் காவிரிக் கிளையில் நீர் பெருகி, அதன் தலைவாயில் ஆழமாக அரிக்கப்பட்டது. முன்னர்க் காவிரிக்கு நீர் இல்லையே என்று வருந்தியவர்கள், இப்போது காவிரி தன் படுகையையும் கரைகளையும் தின்றுவிடுமோ என்று அஞ்ச நேர்ந்தது. ஆகவே 1843-ஆம் ஆண்டில் மேலணையின் நடுப்பகுதி 2 அடி தாழ்த்தப்பட்டது. 1845-ஆம் ஆண்டில் காவிரியின் தலைவாயிலில், படுகை மட்டத்திற்கு, ஒரு குறுக்குச்சுவர் அமைக்கப்பட்டது. அது நீரைத் தடுப்பதற்காக எழுந்த சுவர் அன்று. படுகை மேலும் ஆழமாகாதபடி நிலத்தோடு நிலமாகக் கிடந்து காக்கும் சுவர். நெடுங்காலத்திற்குப் பின் வந்த இரும்புக் கதவுகளையும் பாலங்களையும் கண்டு மகிழ்கிறோம்; இச்சுவரை நினைப்பவர் அரியர். என் கருத்தில், முக்கொம்பின் வரலாற்றில் மிகச் சிறந்த அறிவுச்செயல்களுள் ஒன்று இதுவே. ஓரிடத்தில் ஆற்றைக் கட்டினால் மற்றோரிடத்தில் அது தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும் என்பதை உணர்ந்து, தம் வேலையைத் தாமே திருத்திக்கொண்டவர் அறிவு அதில் விளங்குகிறது.

இப்பாடம் காவிரிக்கு மட்டும் உரியதன்று. வடநாட்டில் கங்கையின் குறுக்கே நரோராவில் கட்டிய அணை 1898-ஆம் ஆண்டில் உடைந்தது. நீர் மேலே தாண்டியதால் அன்று, தளத்திற்கு அடியில் மணலூடே ஊறிச் சென்றதால் நேர்ந்த கேடு அது. ஊறும் நீர் வெளிப்படும் இடத்தில் மணலையும் கூடவே கொண்டுவருமாயின், தளத்தின் அடியில் வெறுமை உண்டாகித் தளம் பிளந்துவிடும். இந்த இயல்பைக் கணக்கியலால் ஆராய்ந்து, கீழ்விளிம்பில் ஆழமான தடுப்பு இன்றியமையாதது என்று 1936-ஆம் ஆண்டில் நிறுவியவர்கள் கோஸ்லாவும் அவருடன் உழைத்தவர்களும் ஆவர்.

கரைகளைக் காப்பதிலும் இத்தகைய தெளிவு பிறந்தது. பஞ்சாப் ஆறுகளில் இருப்புப்பாதைப் பாலங்களைக் கட்டிய பெல் என்னும் பொறியாளர், கரையின் அடிவாரத்தில் கற்களைப் படுகையின்மேல் பரப்பிவைக்கும் முறையைக் கையாண்டார். ஆறு அடிமணலை அரித்தால், பரப்பிய கற்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து பள்ளத்தின் சரிவை மூடிக்கொள்ளும். அதற்குமேல் அரிப்புச் செல்லாது. இம்முறையைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1903-ஆம் ஆண்டில் எழுதியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை இராமானுசன் எழுத்தராகப் பணிபுரிந்தபோது சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்தவர் அவரே. கற்களைத் தாமே இறங்கவிட்டு அடியைக் காக்கும் இக்கருத்து, கல்லணையின் பண்டைக் கருத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைக் காண்க. காலமும் இடமும் வேறாயினும், மணலாற்றின் இயல்பை உணர்ந்தவர் ஒரே வழியை அடைகின்றனர்.

இன்று ஒரு பூங்காவின் ஆற்றங்கரையைக் காக்க முற்படுவோர் செய்யவேண்டுவன யாவை? முதலில் செங்குத்தான கரையைச் சாய்வாக்கவேண்டும். சாய்வின்மேல் நேரே பெருங்கல்லைப் பதித்துவிடலாகாது. மண்ணுக்கும் கல்லுக்கும் இடையே சரளைக் கற்களை அடுக்கினால், உள்ளிருக்கும் நீர் வடிந்து வெளியேறும், மண்ணோ வெளியேறாது. அதன்மேல் கல் பதிக்கவேண்டும். அடிவாரத்தில் ஆற்றுக்குள் கற்பரப்பு நீளவேண்டும். நீர்மட்டத்திற்கு மேலே நாணலும் வெட்டிவேரும் போன்ற ஆழ்ந்த வேர்ப் புல்லினங்களை வளர்க்கவேண்டும். வேர் மேல்மண்ணைப் பிணிக்கும். தழை நீரின் விரைவைத் தணிக்கும். ஆயினும் வேர் எட்டாத ஆழத்தில் நீர் அரிக்குமாயின் புல்லால் பயனில்லை. கரையின் விளிம்பில் ஓங்கிய மரமும் அவ்வாறே. அடி உறுதியாக உள்ளவரை அது காவலாகும். அடி போனபின் தன் பாரத்தால் கரையையும் இழுத்துக்கொண்டு வீழும். ஆதலின் கல்லா, புல்லா என்று வழக்காடுவது பொருந்தாது. கீழே கல், மேலே புல் என்பதே முறை.

நம் ஊர்களில் இவ்வறிவு ஏட்டில் இல்லாது கையில் இருந்தது. ஆற்றில் முளைகளை வரிசையாக அடித்து, வைக்கோலும் தழையும் மணலும் இட்டு, நீரைத் திருப்பக் கொறம்பு அமைக்கும் வழக்கம் காவிரிப் பகுதியில் இருந்தது. படித்துறைகளின் அகன்ற கற்படிகளும் நீராடுவதற்கு மட்டும் உதவியவை அல்ல. ஊர் நிற்கும் கரையையும் அவை காத்தன. ஆண்டுதோறும் ஊரார் கூடிக் கரைகளையும் வாய்க்கால்களையும் செப்பனிடுவது குடிமராமத்து எனப்பட்டது. கரை உடையும் இடர்க்காலத்தில் ஊராரை வேலைக்கு அழைக்க 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. வழக்கமாக நடந்த கடமைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே, அக்கடமை தளர்ந்து வந்தது என்று நாம் உய்த்துணரலாம்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு புதிய மாற்றம் நேர்ந்தது. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை நிறைவெய்தியது. அதனால் விளைந்த நன்மை பெரிது. அதனை யாரும் மறுக்க இயலாது. ஆனால் பெரிய அணை நீரைத் தேக்குவதோடு நீர் சுமந்துவரும் மணலையும் தேக்கிவிடுகிறது. கீழே செல்லும் நீருக்கு மேலிருந்து வரவேண்டிய மணல் குறைகிறது. மணற்சுமை குறைந்த நீர், தான் ஓடும் படுகையிலிருந்தே சுமையை ஏற்றிக்கொள்ள முயலும். இதனோடு, வீடு கட்டுவதற்காகக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பல ஆண்டுகளாக மணல் அள்ளப்பட்டு வந்தது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலையே ஆற்றுக்கும் நேர்ந்தது. படுகை தாழ்ந்தால் கரையின் உயரம் மிகும். பாலத்தூண்களின் அடித்தளமும் வெளிப்படும்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அம்மாதத்தில், திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, அப்போது போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ஆம் நாள் இரவில், முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் தென்பகுதியில் இருந்த 45 கதவுகளுள் 9 கதவுகள் தூண்களோடு வீழ்ந்தன. கட்டடத்தின் முதுமை என்றனர் சிலர். இடைவிடாத வெள்ளம் என்றனர் சிலர். மணல் அள்ளியதன் விளைவு என்றனர் வேறு சிலர். காரணங்களை எவ்வாறு பகுத்தாலும், 180 ஆண்டுகளுக்கு முன் காட்டன் அடைத்த வழி ஓர் இரவில் திறந்துகொண்டது என்பதே கண்முன் நின்ற உண்மை. பாசனத்திற்குரிய நீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் செல்லாதபடி, பாறைகளையும் மணல் மூட்டைகளையும் கொண்டு இரவு பகலாகத் தொழிலாளர் அவ்வுடைப்பை அடைத்தனர். பின்னர் 2019-ஆம் ஆண்டில் பணி தொடங்கி, பழைய அணைக்குக் கீழே புதிய கதவணை ஒன்று எழுப்பப்பட்டது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் உங்கள் கருத்திற்கு வைப்பது இதுதான். கரை காத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று. கால்டுவெல் செய்த வேலையைக் காட்டன் திருத்தினார்; காட்டன் செய்ததை அவர் காலத்திலேயே மீண்டும் திருத்த நேர்ந்தது; அவர்க்குப் பின் வந்தோர் அதனை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பேணினர்; இப்போது புதிய கதவணையைப் பேணும் முறை நம்முடையது. சிமெண்டும் இரும்பும் பழைய செங்கல்லைக் காட்டிலும் வலியன என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் கீழும் அதே மணல்தான் உள்ளது. அம்மணலின் மட்டம் ஆண்டுதோறும் என்னவாகிறது என்று அளந்து பார்ப்பதும், தாழ்ந்தால் உடனே கல் சேர்ப்பதும், ஆற்றின் மணலை வரவறிந்து செலவிடுவதும் செய்யாவிடில், புதிய கட்டடமும் ஒரு நாள் பழையதாகவே நிற்கும்.

அடுத்த முறை நீங்கள் முக்கொம்புப் பூங்காவிற்குச் செல்லும்போது, ஆசிரியரோடு சென்று சிலவற்றை நோக்குங்கள். கரைக்கற்கள் எங்கே வரிசை குலைந்துள்ளன? எந்தக் கரையில் மணல் சேர்கிறது? எதிர்க்கரையில் என்ன நிகழ்கிறது? கரையோர மரங்களின் வேர்கள் எவ்வளவு வெளிப்பட்டுள்ளன? பாதுகாப்பான இடத்தில் நின்று கண்டவற்றை நாளோடு குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அக்குறிப்போடு தம் குறிப்பை ஒப்பிடட்டும். பத்து ஆண்டுகள் இவ்வாறு எழுதப்பட்ட ஒரு பள்ளிக் குறிப்பேடு, அக்கரையைப் பேணுவோர்க்கு உண்மையான துணையாகும். கரை எடுத்தவன் பெயரைச் செப்பேடு காத்தது. கரையைக் காப்பவர் பெயரை எந்தச் செப்பேடும் எழுதப்போவதில்லை. ஆயினும் தஞ்சையின் வயல்களில் நாற்று நடப்படும் ஒவ்வொரு பருவத்திலும் அவர்கள் உழைப்பின் பயன் விளைந்துகொண்டே இருக்கும்.